வேணும் வேற, பிடிக்கும் வேற

திருகினால் சாயும் ஒரு மரப்பெட்டி. மேல்பலகை நெடுக ஓட்டைகள். எதிலும் விழாமல் ஒரு சின்ன உருண்டையைக் கடைசிவரை உருட்டிக்கொண்டு போக வேண்டும். தமுக்கம் மைதானத்துப் பொருட்காட்சியில் வைத்தால் குழந்தைகள் வரிசை கட்டி நிற்பார்கள். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு முன்பு, மதுரை வட்டாரத்துக் கிராமப்புறத்தில் இந்தப் பெட்டியோடு உட்கார்ந்தவர்கள் பெரியவர்கள். அவர்களில் சிலருக்கு அந்த ஒரே ஆட்டத்துக்கு 400 ரூபாய் பரிசு காத்திருந்தது.

மொத்தம் ஆறு ஆட்டங்கள். வாசிக்கப்படும் எண்கள் திடீரென நின்றதும் கடைசி மூன்றை நினைவிலிருந்து சொல்ல வேண்டும். ஒரு சட்டத்துக்குள் உலோகத் துண்டுகளை இடம் பிசகாமல் அடுக்க வேண்டும். குறி பார்த்துப் பந்து எறிய வேண்டும். கைத்திறன், ஞாபகம், கவனம் எல்லாவற்றுக்கும் வேலை வைக்கும் ஆட்டங்கள். ஆடியவர்கள் 87 பேர். குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். நன்றாக ஆடினால் ஒரு ஆட்டத்துக்குக் கிடைக்கும் உச்சப் பரிசு முதல் குழுவுக்கு 4 ரூபாய், இரண்டாவது குழுவுக்கு 40 ரூபாய், மூன்றாவது குழுவுக்கு 400 ரூபாய். ஆறிலும் அசத்தினால் 2,400 ரூபாய். அன்றைக்கு அந்த வட்டாரத்தில் ஒருவர் ஏறக்குறைய அரை வருடத்தில் செலவழிக்கும் பணம் அது.

டேன் ஏரியலி, யூரி க்னீஸி, ஜார்ஜ் லோவன்ஸ்டைன், நீனா மசார் என்ற நான்கு ஆய்வாளர்கள் மதுரையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் மீனாட்சி அம்மன் இல்லை, டாலர் கணக்கு. அமெரிக்காவில் ஒருவருக்கு அரை வருடச் செலவைப் பரிசாகக் கொடுத்தால் ஆய்வு நிதி இரண்டே நாளில் காலி. இங்கே கட்டுப்படியாகும்.

4 ரூபாய்க்கு ஆடியவர்களும் 40 ரூபாய்க்கு ஆடியவர்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் ஆடினார்கள். 400 ரூபாய்க்கு ஆடியவர்கள்தான் மோசம். பணம் கூடக்கூட முயற்சி கூடும், முயற்சி கூடினால் பலன் கூடும் என்று பொருளாதாரப் பாடம் சொல்கிறது. இங்கே பரிசு நூறு மடங்கானதும் கை சொன்னபடி கேட்கவில்லை. முடிவுகள் 2009-இல் ஆய்விதழில் வெளியாயின.

இந்த நால்வரில் ஏரியலியின் பெயரைக் கேட்டதும் சிலர் புருவம் உயர்த்தலாம். அவர் பங்கேற்ற வேறொரு ஆய்வுக் கட்டுரை, 2012-இல் வந்தது, அதன் தரவுகள் புனையப்பட்டவை என்று தெரிந்து 2021-இல் திரும்பப் பெறப்பட்டது. புனைந்தது தான் இல்லை என்கிறார் அவர். மதுரை ஆய்வு அந்தச் சர்ச்சையில் சிக்கவில்லை. 87 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், இதை மட்டும் வைத்து உலகத்துக்கே சட்டம் எழுத முடியாது. ஆனாலும் பரீட்சை ஹாலில் படித்ததெல்லாம் மறந்துபோன எவருக்கும் இந்த முடிவு அந்நியமாகத் தெரியாது.

அதே ஆய்வாளர்கள் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்களிடமும் சோதித்தார்கள். விசைப்பலகையில் இரண்டே விசைகளை மாற்றி மாற்றித் தட்டும் வேலைக்குப் பெரிய பரிசு வைத்தபோது மாணவர்கள் வேகமெடுத்தார்கள். எண்களைக் கூட்டிக் கண்டுபிடிக்கும் வேலைக்கு அதே பெரிய பரிசு வைத்தபோது சறுக்கினார்கள். ஆக, பணம் கையை முடுக்கியது. யோசிக்க வேண்டிய இடத்தில் குறுக்கே வந்து நின்றது.

இந்தச் சறுக்கலுக்குப் பழைய முன்னோடி ஒன்று உண்டு. 1908-இல் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்ஸன் என்ற இருவர் சுண்டெலிகளுக்குக் கறுப்புப் பெட்டியையும் வெள்ளைப் பெட்டியையும் பிரித்தறியக் கற்றுக்கொடுத்தார்கள். தப்பான பெட்டிக்குப் போனால் மின் அதிர்ச்சி. அதிர்ச்சி கூடினால் எலி சீக்கிரம் கற்கும் என்று எதிர்பார்த்தார்கள். எளிதான பாடத்தில் அப்படித்தான் நடந்தது. வித்தியாசம் கண்டுபிடிக்கவே சிரமமான பாடத்தில், நடுத்தர அதிர்ச்சிக்குக் கற்ற அளவுகூட பலத்த அதிர்ச்சிக்கு எலிகள் கற்கவில்லை. இதிலிருந்து ஒரு வளைகோட்டை உருவி, மனித மனத்தின் எல்லாப் பதற்றத்துக்கும் அதைப் பொருத்திவிட்டன பிற்காலப் பாடப்புத்தகங்கள். எலியின் அதிர்ச்சியும் மதுரைக்காரரின் பரிசும் ஒன்றில்லைதான். எதனால் கை தடுமாறுகிறது என்று விளங்கிக்கொள்ள இன்னும் உள்ளே போக வேண்டியிருக்கிறது.

எலி எதைக் கேட்டது?

தமிழில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ‘வேணும்’ ஒன்று, ‘பிடிக்கும்’ இன்னொன்று. மூன்று வயதுக் குழந்தைகூட இரண்டையும் குழப்பாமல் பேசும். இரண்டுக்கும் முன்னால் ‘எனக்கு’ என்றுதான் வரும், ‘நான்’ வராது. கோபமும் அப்படித்தான், எனக்கு வருகிறது. பயமும் எனக்கு வருகிறது. ஆள் ஒரு ஓரமாக நிற்க, உணர்ச்சி வாசல் வழியாக வந்து உட்காருகிறது. மொழி இலக்கணம் இது. உளவியல் இலக்கணமும் ஏறத்தாழ இதுதான் என்பதும், வேணும் என்பதும் பிடிக்கும் என்பதும் மூளைக்குள் தனித்தனி ஏற்பாடுகள் என்பதும் ஆய்வகங்களுக்கு உறைக்க நெடுங்காலம் ஆனது.

1954-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் எலிகளின் மூளைக்குள் மெல்லிய கம்பியைச் செருகி, நெம்புகோலை அழுத்தினால் லேசான மின்னோட்டம் பாயும்படி செய்தார்கள். எலிகள் அழுத்தின. விடாமல் அழுத்தின. பின்னால் வந்த சோதனைகளில் ஒரு மணி நேரத்துக்கு ஆயிரக்கணக்கான முறை அழுத்திய எலிகளும் உண்டு. மூளையின் ‘இன்ப மையம்’ கிடைத்துவிட்டது என்று ஊர் கொண்டாடியது. அந்த வட்டாரத்தில் ஓடும் டோபமைன் என்ற வேதிப்பொருளுக்கு மகிழ்ச்சி ரசாயனம் என்று பட்டமும் கிடைத்தது. இன்றும் காலை வாட்ஸ்அப் செய்திகளில் அந்தப் பட்டத்தோடுதான் அது உலா வருகிறது.

அந்தப் பட்டத்தைப் பறித்தவர்களில் முக்கியமானவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ். அவருடைய கருவி எளிமையானது, எலியின் முகம். பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை தொட்டு வைத்த பாட்டிகளுக்கு இது புதிதில்லை. இனிப்புப் பட்டதும் குழந்தை நாக்கை நீட்டிச் சப்புக் கொட்டும், கசப்பு என்றால் வாயைப் பிளந்து முகம் சுளிக்கும். எலியும் அதையே செய்கிறது. அப்படியானால் எலிக்கு ஒன்று பிடிக்கிறதா இல்லையா என்பதை அதன் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பெரிட்ஜும் டெரி ராபின்ஸனும் எலிகளின் மூளையில் டோபமைன் ஓடும் நரம்புகளை வேதிப்பொருளால் அழித்துவிட்டுப் பார்த்தார்கள். அந்த எலிகள் சாப்பிடவில்லை. உணவு பக்கத்தில் இருந்தும் நகரவில்லை. குழாய் வழியாக ஊட்டாவிட்டால் பட்டினியிலேயே செத்துப்போயிருக்கும். டோபமைன்தான் இன்பம் என்றால், இவற்றுக்குச் சர்க்கரையும் சுவைக்கக் கூடாது. வாயில் சர்க்கரைத் தண்ணீரை விட்டார்கள். எலிகள் வழக்கம்போலவே சப்புக் கொட்டின!

பிடித்தது, வேண்டியிருக்கவில்லை. 1989-இல் வெளியான அந்த முடிவின் சாரம் இவ்வளவுதான். சுவை அப்படியே இருக்க, அதைத் தேடிப்போகும் உந்துதல் மட்டும் அணைந்துவிட்டிருந்தது. அப்படிப் பார்த்தால் ஓல்ட்ஸின் எலி ஆயிரம் முறை அழுத்தியது ஆயிரம் முறை சுகம் கண்டதால்தான் என்று சொல்ல முடியாது. ‘இன்னொரு தடவை’ என்பதே அதற்குள் ஓடிய சேதியாக இருந்திருக்கலாம்.

தீபாவளிக்கு முந்தைய ராத்திரி

சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபோர் பல்கலைக்கழகத்தில் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளின் டோபமைன் நரம்புகளை ஒவ்வொன்றாக ஒட்டுக்கேட்டார். எதிர்பாராமல் வாயில் பழச்சாறு விழுந்தால் நரம்பு படபடத்தது. பிறகு, சாறு வருவதற்குச் சற்று முன்னால் ஒரு விளக்கை எரியவிட்டார். சில நாளில் குரங்கு பழகிக்கொண்டது. இப்போது நரம்பு படபடத்தது விளக்கைக் கண்டதும். சாறு விழும்போது சத்தமே இல்லை. விளக்கு எரிந்து சாறு வராவிட்டாலோ, வர வேண்டிய அந்த நொடியில் நரம்பின் துடிப்பு வழக்கத்துக்கும் கீழே இறங்கியது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் இந்த நரம்புகள் கணக்கெடுக்கின்றன என்று 1997-இல் ஷூல்ட்ஸும் சகாக்களும் எழுதினார்கள்.

தையல் கடையிலிருந்து சட்டை இன்னும் வரவில்லை, அடுப்பில் அதிரசம், பட்டாசை வெயிலில் காயவைத்து எடுத்து வைத்தாயிற்று. தூக்கம் பிடிக்காத அந்த ராத்திரியைத்தான் பலரும் தீபாவளி என்று நினைவில் வைத்திருக்கிறார்கள். மறுநாள் பதினோரு மணிக்கெல்லாம் வெறுமையாகிவிடுகிற வீட்டை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. ஷூல்ட்ஸின் குரங்குக்கு விளக்கு எரிந்த நேரம் முந்தைய ராத்திரி.

வேண்டுவது மட்டும் தனியாகத் தறிகெட்டு ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு நரம்பியல் மருத்துவர்களிடம் ஒரு சாட்சியம் இருக்கிறது. பார்க்கின்ஸன் நோயில் டோபமைன் நரம்புகள் அழிந்து உடல் இறுகிவிடும். ஈடுகட்ட, டோபமைன் போலவே வேலை செய்யும் மாத்திரைகளைக் கொடுப்பார்கள். 2005-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை, இப்படி மருந்து சாப்பிட்டுச் சூதாட்ட வெறிக்கு ஆளான 11 நோயாளிகளைப் பற்றி எழுதியது. மருந்தை நிறுத்தியதும் அல்லது குறைத்ததும் வெறி அடங்கியது. குணக்கேடு என்று குடும்பமே முடிவு கட்டியிருக்கக்கூடிய ஒன்றை மாத்திரையின் அளவு தீர்மானித்திருந்தது.

மாத்திரை இல்லாமலும் அந்தக் கதவைத் தட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். லாட்டரிச் சீட்டு தமிழ்நாட்டில் 2003-இல் தடை செய்யப்படும்வரை, தெருமுனைக் கடையில் தினமும் கேட்ட புலம்பல் ஒன்று உண்டு: “ஒரே ஒரு நம்பர்ல போச்சுப்பா.” போனது போனதுதானே, ஒரு எண்ணில் போனால் என்ன, ஏழு எண்ணில் போனால் என்ன? இதைத்தான் கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் குழுவினர் 2009-இல் ஆராய்ந்தார்கள். மூளைப் படம் எடுக்கும் கருவிக்குள் ஆட்களைப் படுக்கவைத்துச் சுழல் சக்கரச் சூதாட்டம் ஆட வைத்தார்கள். மயிரிழையில் தவறிய ஆட்டம் சாதாரணத் தோல்வியைவிட அதிக எரிச்சல் தந்ததாக ஆடியவர்கள் சொன்னார்கள். அதே மூச்சில், இன்னொரு ஆட்டம் ஆட ஆசை கூடியிருப்பதாகவும் சொன்னார்கள், குறிப்பாகச் சின்னத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்திருந்தபோது. வெற்றிக்கு விழிக்கும் மூளைப் பகுதி அந்த மயிரிழைத் தோல்விக்கும் விழித்திருந்தது. கசந்தது, ஆனால் வேண்டியிருந்தது. லாட்டரிக் கடை போய், சட்டைப்பையில் இருக்கும் செல்போனுக்குள் ஆட்டம் குடிவந்த பிறகு தமிழ்நாடு 2023-இல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. ரம்மி திறமையா அதிர்ஷ்டமா என்று உயர் நீதிமன்றம்வரை வாதம் நடந்தது. நெம்புகோலை அழுத்திய ஓல்ட்ஸின் எலிக்கு அந்த வாதம் புரிந்திருக்காது.

நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ்

மேலாண்மை வகுப்புகளில் ஊக்கம் என்று சொன்னதும் திரையில் ஒரு பிரமிடு வந்து நிற்கும்: கீழே சோறு, மேலே ஆன்ம நிறைவு. ஆப்ரகாம் மாஸ்லோ 1943-இல் எழுதிய மூலக் கட்டுரையில் பிரமிடே கிடையாது, பிற்காலத்தில் மற்றவர்கள் கட்டியது. அதைத் தாண்டிப் போய்விடலாம். அதைவிடச் சுவாரசியமானது ஒரு மழலையர் பள்ளி.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் பள்ளி அது. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் அங்கே ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஆசை உள்ள, மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் 51 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம், படம் வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவிடம் எதுவும் சொல்லவில்லை, கொடுக்கவும் இல்லை. மூன்றாவது குழுவும் இருந்தது, அதைப் பிறகு பார்ப்போம்.

ஒன்றிரண்டு வாரம் கழித்து வகுப்பில் அதே பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்துவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கவனித்தார்கள். சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள், சான்றிதழே அறியாத குழந்தைகள் வரைந்த நேரத்தில் பாதிதான் வரைந்தார்கள். சான்றிதழுக்காக அன்று வரைந்த படங்களும் தரத்தில் ஒரு படி குறைவு என்று யார் எந்தக் குழு என்று தெரியாத நடுவர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். 1973-இல் வந்த கட்டுரை. பிடித்த வேலையோடு ஒரு ‘வேணும்’ ஒட்டிக்கொண்டது. அந்த வேணும் போனபோது பிடித்ததையும் கொஞ்சம் கிள்ளிக்கொண்டு போயிருந்தது.

உளவியலாளர் எட்வர்ட் டெசி இதற்கு முன்பே கல்லூரி மாணவர்களிடம் இதே போக்கைக் கண்டிருந்தார். புதிர்க் கட்டைகளைப் பொருத்தக் காசு வாங்கியவர்கள், காசு நின்றதும் ஓய்வு நேரத்தில் கட்டையை விட்டுவிட்டுப் பத்திரிகையைப் புரட்டப் போனார்கள். அவரும் ரிச்சர்ட் ரயனும் பல ஆண்டுகள் யோசித்து, மனிதரை உள்ளிருந்து நகர்த்துபவை மூன்று என்றார்கள்: தானே தீர்மானித்தது என்ற உணர்வு, கைவருகிறது என்ற உணர்வு, நாலு பேரோடு ஒட்டுறவு. மார்கழி விடிகாலையில் பனியில் குந்தி இருபத்தொரு புள்ளிக் கோலம் போடுகிறவரிடம் இந்த மூன்றும் இருக்கின்றன. இழையைத் தேர்ந்தெடுத்தது அவர், சிக்கல் பிரிந்து கம்பி சேரும்போது கை அறிகிறது, எதிர்வீட்டுக்காரி பார்க்கத்தான் போகிறாள். எட்டு மணிக்குள் சைக்கிள் சக்கரம் ஏறி அழிந்துவிடும் என்பதும் தெரியும்.

அப்படியென்றால் பரிசே விஷமா? தண்டனையும் அப்படியா? இந்த இடத்தில்தான் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் அவசரப்படுகிறார்கள். ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்துக் கிராமங்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ குழுவினர் சேவா மந்திர் அமைப்போடு சேர்ந்து செய்ததைப் பார்த்தால் வேகம் தணியும். அங்கே தடுப்பூசிகள் அனைத்தையும் போட்டுக்கொண்ட குழந்தைகள் நூற்றுக்கு 6 பேர். ஊருக்குள் தவறாமல் முகாம் நடத்தியதும் அது 18 ஆனது. முகாமோடு, ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பு, எல்லாம் போட்டு முடித்தால் சாப்பாட்டுத் தட்டுகள் என்று அறிவித்த ஊர்களில் 39! 2010-இல் வந்த முடிவு. ஒரு கிலோ பருப்பு எந்தத் தாயின் பாசத்தையும் குறைக்கவில்லை. ஊசி போடுவது யாருக்கும் பிடித்த பொழுதுபோக்கு இல்லை, ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிப்போகிற வேலை. அங்கே ஒரு சின்ன ‘வேணும்’ போதுமானதாக இருந்தது. கெடுப்பதற்கு முன்பே ஒரு ‘பிடிக்கும்’ இருந்திருக்க வேண்டுமே.

தண்டனைக்கு இஸ்ரேலின் ஹைஃபா நகரத்துக் குழந்தைகள் காப்பகங்கள் சாட்சி. பெற்றோர் சிலர் சாயங்காலம் தாமதமாக வருவார்கள். ஆசிரியை காத்துக்கொண்டிருப்பார். மதுரை ஆய்வில் இருந்த அதே க்னீஸியும் ஆல்டோ ரஸ்டிகினியும் பத்துக் காப்பகங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஆறில், பத்து நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் 10 ஷெகல் அபராதம் என்று பலகை வைக்கச் செய்தார்கள். தாமதமாக வருகிறவர்கள் ஏறக்குறைய இரு மடங்கானார்கள். அதுவரை தாமதித்தவரின் முகத்தில் ஒரு கூச்சம் இருந்திருக்கும், ‘டீச்சர் காத்துட்டிருப்பாங்க’ என்ற உறுத்தல். பலகை வந்ததும் அது கட்டணமாகிவிட்டது. காசு கொடுத்து வாங்கும் நேரத்துக்கு யார் கூச்சப்படுவார்கள்? சில வாரம் கழித்து அபராதத்தை எடுத்துவிட்டார்கள். தாமதம் மட்டும் பழைய நிலைக்கு இறங்கவில்லை. உறுத்தல் போன வழியே திரும்பி வரவில்லை.

உறுத்தல், கூச்சம், பதற்றம் எல்லாம் உடம்பில்தான் முதலில் தெரிகின்றன: உள்ளங்கை வியர்வை, நெஞ்சுப் படபடப்பு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் உணர்ச்சிகளை எட்டாக எண்ணி, பேரிலேயே ‘மெய்’யை வைத்திருப்பது தற்செயல் இல்லை. ஆனால் படபடப்புக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் மனிதருக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. 2010-இல் ஜெரமி ஜேமிசனும் சகாக்களும் மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களில் பாதிப் பேரிடம், தேர்வின்போது வரும் படபடப்பு கெடுதல் செய்யாது, உதவக்கூடச் செய்யும் என்று ஒரு சின்னக் குறிப்பு மட்டும் வாசிக்கக் கொடுத்தார்கள். அவர்கள் மாதிரித் தேர்வின் கணக்குப் பகுதியில் மற்றவர்களைவிட அதிக மதிப்பெண் எடுத்தார்கள். பின்னர் உண்மைத் தேர்விலும் எடுத்தார்கள். படபடப்பை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

பிளஸ் டூ வீடுகளில் மார்ச் மாதம் வேறு குறிப்பு வாசிக்கப்படுகிறது. “இந்த மார்க் வாங்கினா பைக், இல்லேன்னா அவ்ளோதான்.” சொல்கிற அப்பாவுக்கு அது பாசம். கேட்கிற பையனுக்கு அது மரப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்த 400 ரூபாய்.

மூன்றாவது குழு பாக்கி இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு குழந்தைகளில் அவர்களிடம் யாரும் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வரைந்து முடித்து நிமிர்ந்தபோது அதே தங்க நட்சத்திரம், அதே ரிப்பன், அதே சான்றிதழ் கைக்கு வந்தது. பிறகு வகுப்பில் பேனாக்களை வைத்தபோது, பரிசே வாங்காத குழந்தைகளைவிடக் குறையாமல் அவர்கள் வரைந்துகொண்டிருந்தார்கள்.